வகிடெடுத்த டயர்

என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்த அன்று எஸ்டேட்டுக்கார அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேலத்திலிருந்து மலையேறி வந்த ஜீப் பங்களா வாசலில் நின்றதும், ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த பெண்களை விலக்கிக்கொண்டு வந்தவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார். எதையோ படித்தார். “இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒருத்தி வந்து நிற்கிறேன், இந்தம்மாவுக்கு ஜீப் டயர் ஒசத்தியாகப் போய்விட்டதா?

“அவங்க அப்புடித்தான் புள்ள. கண்டுக்காத” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் அங்கே ரைட்டர். காப்பி எஸ்டேட்டின் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் அவர் பொறுப்பு. எஸ்டேட் அக்காவின் அப்பா விட்டுப்போனது. ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடைக்குப் போகும் வழியில் ரோட்டைவிட்டு இறங்கினால் முதலில் கார் ஷெட், அடுத்து அக்காவின் பங்களா, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குவார்ட்டர்ஸ். பங்களா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த நாலு அறை, மழைக்காலத்தில் கூடத்தில் ஒழுகலுக்குச் சட்டி வைக்கவேண்டிய லட்சணம். அவருடைய சமையலறைக் கதவும் என்னுடைய சமையலறைக் கதவும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு நின்றன. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே போனேன். அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா, அவ்வளவுதான்.

ஷெட்டில் ஒரு கார் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், துணிக்கூரை, சைக்கிளுக்கு இருப்பது மாதிரி கம்பிச் சக்கரம். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அக்காவின் அப்பா வாங்கியது. துரை அதைப் புத்தம் புதிதாகக் கப்பலில் வரவழைத்தவராம். அந்தக் கார் நாலு கட்டைகளின்மேல், டயர் தரையில் படாமல் நின்றது. அக்கா தினமும் காலையில் அதற்குத் தூசி தட்டுவார். கண்ணாடியைத் துடைப்பார், கதவைத் துடைப்பார், கம்பிகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைப்பார். டயரை மட்டும் தொடமாட்டார். அதில் தூசி மெத்தையாகப் படிந்திருக்கும்.

“ஏனுங்க்கா, டயர மட்டும் உட்டுட்டீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது எங்குளுது இல்ல கண்ணு” என்றார்.

வீட்டுக்காரரிடம் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார். எஸ்டேட்டில் அவரைச் சின்னவர் என்பார்கள். சின்ன வயதில் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதால் விந்தி நடப்பவர். என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், பனி இறங்கிய ஒரு சாயங்காலம், அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. மறுநாள் காலை, அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் ஓரமாக நின்றது. உருண்டுவிடாமல் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்திருந்தது. சாவி உள்ளே இருந்தது. ஆள் இல்லை. பள்ளத்தில் தேடினார்கள், ஏரியில் தேடினார்கள். கடைசியில் போலீஸ்காரர்கள், பையன் எங்கோ போய்விட்டான், மனசு மாறினால் வருவான் என்று முடித்துவிட்டார்கள்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, “டயரு மாறியிருக்குதுங்க.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அதே கம்பெனி, அதே அளவு, மேலே அதே ஜடைப் பின்னல். அக்கா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் சாய்த்தார். ஸ்டெப்னியில் மேட் இன் இங்கிலாண்ட் என்று இருந்தது. காரின் நாலு டயரிலும் மேட் இன் இந்தியா என்று இருந்தது.

“பேக்டரியில இருந்து அஞ்சும் ஒண்ணா வந்ததுங்க. கூடப் பொறந்ததுங்க. இந்த நாலும் வேற. எவனோ மாத்தியிருக்கான். மாத்துனவனுக்குத் தெரியும், என்ற தம்பி எங்கீன்னு.”

அக்காவின் பேச்சு அதற்குமேல் நகரவே இல்லை. இன்றைக்கு யோசித்தால் எனக்கு நன்றாகப் புரிகிறது. டயரை யாரோ மாற்றினார்கள் என்றால் தம்பிக்கு ஏதோ நடந்திருக்கிறது, அவனாக விட்டுப்போகவில்லை. யாரும் மாற்றவில்லை என்றால் அவன் அக்காவை வேண்டாம் என்று போய்விட்டான். அக்கா முதலாவதைப் பிடித்துக்கொண்டார். கேட்கவே பயங்கரமாக இருந்தாலும் அவருக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது.

“அந்த வாரம் ரெண்டு பேரும் பேசிக்கல புள்ள” என்று வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “தோட்டத்து சில்வர் ஓக்கு மரத்த விக்கறதுல சண்டையாமா. ஒரே ஊட்ல இருந்துக்கிட்டு சமையக்காரம்மாகிட்டச் சொல்லித்தான் சோறு கேட்பாராம்.”

நான் போன முதல் வருஷமே அக்காவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. காரணம் ஒரு வார்த்தை. ஒருநாள் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டெப்னியை எடுத்துப் போட்டார். கண் மூடிக்கொள்ளச் சொல்லி என் கையைப் பிடித்து டயரின்மேல் வைத்தார்.

“என்ன தெரியுது?”

“ஜடை மாதிரி இருக்குதுங்க்கா.”

“நடுவால?”

இரண்டு பின்னலுக்கும் நடுவே சன்னமாக ஒரு கோடு ஓடியது. அதே கையைக் காரின் டயருக்குக் கொண்டுபோனார். தானாகத் தொடமாட்டார், என் கையை வைத்துத்தான் தொட்டார். அதிலும் ஜடை இருந்தது, கோடு இல்லை.

“இங்கிலாந்துக்காரி வகிடு எடுத்திருக்காளுங்க்கா. நம்மூருக்காரி வழிச்சு வாரியிருக்கா” என்றேன்.

அக்கா சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதுநாள்வரை கோடு, கோடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து வகிடு என்றே சொன்னார். காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேக்டரியில் வைத்து அனுப்பிய மஞ்சள் புள்ளி ஒன்று ஸ்டெப்னியில் அப்படியே இருந்தது. ரோட்டைப் பார்க்காத டயர் அல்லவா. “பொட்டு வெச்சு அனுப்பியிருக்கான் பாரு, பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி” என்று அதையும் காட்டினார்.

அவர் எங்கே போனாலும் கையில் ஒரு தூக்குப்போசி இருக்கும். அதில் கெட்டியாகப் பிசைந்த ராகி மாவு. தேய்ந்துபோன டயரில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அக்கா மாவை ஒரு உருண்டை எடுத்துப் பக்கவாட்டில் அப்பி, உள்ளங்கையால் அழுத்தி, பூப்போல உரித்தெடுப்பார். மாவில் எழுத்து விழுந்திருக்கும், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி. அதை அப்படியே படிப்பார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் டாக்சிக்காரர்களுக்குப் பழகிவிட்டது. அக்கா வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். டயர் போட்ட மாட்டுவண்டியைக்கூட விடமாட்டார்.

“கார் டயரு ஜீப்புக்கு ஏறுமாங்க்கா? எதுக்கு அதையெல்லாம் பாக்கறீங்க?” என்று கேட்டேன்.

“திருடுனவன் அளவு பாத்தா போடப் போறான்?” என்றார்.

சர்ச்சில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் பூ ஜோடித்த காரில் ஏறப்போகிறார்கள், போட்டோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொல்கிறார். அக்கா பின்சக்கரத்தடியில் மாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பெண்ணின் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அந்தப் போட்டோவில் அக்காவின் முதுகு விழுந்திருப்பதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பைத்தியம் என்று சொல்லிவிடலாம். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் பைத்தியத்தைக் கண்டு பரிதாபம்தான் வரும். அக்காவைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது வேறு ஒன்றுக்காக.

அவருக்கு டயர் சத்தம் தெரியும். வெங்காயம் உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். ரோட்டிலிருந்து ஜல்லிப்பாதையில் ஒரு வண்டி இறங்கும். தலையைத் தூக்காமலே, “பால்காரரு வேன். பின்னால ஒண்ணுல காத்து கம்மி” என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அதோடு நின்றிருந்தால் சரி. பனி இறங்கும் சாயங்காலங்களில், பேச்சின் நடுவே சட்டென்று ஒரு விரலைத் தூக்குவார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். ஓட்டிலிருந்து நீர் சொட்டுவது தவிர எதுவும் கேட்காது.

“வளைவுல திரும்பிருச்சு” என்பார் மெதுவாக.

“என்னதுங்க்கா?”

“நம்ம வண்டி.”

நம்ம வண்டி ஷெட்டில் கட்டைமேல் நிற்கிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கண் ரோட்டுப் பக்கமே இருக்கும். அந்த நேரத்தில் ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் வந்தார். பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர். இந்தக் காரின் பேச்சு அவர் காதுவரை போயிருந்தது. அக்கா டயரைத் தேடுகிறார் என்பதும் போயிருக்கிறது. எங்கெங்கோ அலைந்து பேக்டரியிலிருந்து வந்த அதே மாதிரி நாலு டயரைச் சேகரித்து எடுத்துவந்திருந்தார். இங்கிலாந்து எழுத்து, ஜடை, வகிடு எல்லாம் இருந்தன. அக்கா மாவை அப்பினார், உரித்தார், ஸ்டெப்னியில் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தார்.

“இது வேற வயித்துல பொறந்ததுங்க.”

“அம்மா, ஒரே கம்பெனி, ஒரே பேக்டரி. வருஷம்கூட ஒன்றுதான். இதற்குமேல் ஒரிஜினல் உலகத்திலேயே கிடைக்காது” என்றார் அவர். பொய்யில்லை, உண்மையாகவே சொன்னார்.

“கூடப் பொறந்தது வேற, பங்காளி வேற தம்பி” என்றார் அக்கா. பிறகு அந்த டயரின்மேல் கையை வைத்துக்கொண்டே, சாதாரணமாக, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல, “இந்த டயரு இருந்த வண்டிய ஓட்டுனவரு இப்ப எங்கீங்க இருக்காரு?” என்று கேட்டார்.

அந்த மனிதர் டயர்களை வண்டியில் ஏற்றினார். காப்பிகூடக் குடிக்கவில்லை. கிளம்பிவிட்டார்.

அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து, மழைக்காலம். முந்தின நாள் மத்தியானம்வரை விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. விடிந்ததும் கோழியைத் திறந்துவிடப் போனவள், வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அங்கே வண்டி எதுவும் இல்லை. வெறும் சேறு. நான் வேலியைத் தாண்டிப் போனேன்.

சேற்றில் காலடி விழுந்திருந்தது. செருப்புக் காலடி. ஒவ்வொரு காலடியிலும் ஜடைப் பின்னல். ஜடைக்கு நடுவே வகிடு.

ரோட்டிலிருந்து இறங்கி, ஷெட்டைத் தாண்டி, பங்களாவைச் சுற்றிக்கொண்டு, அக்காவின் சமையலறைப் படிவரை அந்தக் காலடி வந்திருந்தது. இடது குதிகால் மட்டும் வலதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. படிக்கு முன்னால் இரண்டு காலும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்குமேல் இல்லை. திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் கூலிக்கு வந்த பெண்களின் வெறுங்கால் தடங்கள் முற்றம் முழுக்கக் குழம்பிக் கிடந்தன. செருப்புத் தடம் வந்தது, வந்தபடியே நின்றுவிட்டது.

“உள்ள யாராச்சும் வந்திருக்காங்களாங்க்கா?” என்று கேட்டேன்.

“கதவு தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்குது” என்றார். தூக்குப்போசியைத் திறந்து, இருந்த மாவு முழுவதையும் எடுத்து இடது காலடியில் நிரப்பி, உரித்து எடுத்தார். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது.

டயரை வெட்டிச் செருப்பு தைப்பது எங்கள் பக்கம் சாதாரணம். காப்பித் தோட்டத்தில் வேறு எந்தச் செருப்பும் ஒரு மழைக்குத் தாங்காது. ஏற்காடு பஜாரில் செருப்புத் தைக்கிறவரிடம் மாவைக் காட்டினோம். குதிகாலில் ரெண்டாம் பட்டை கொடுத்து இப்படிச் சுற்றி ஆணி அடிப்பது அடிவாரத்துக்காரர் வேலை என்றார். அடுத்த பஸ்ஸிலேயே இறங்கினோம்.

அடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“என்ற வெட்டுத்தானுங்க” என்றவர், அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். “எஸ்டேட்டு அம்மிணிங்களா? இது உங்க தம்பிக்குத் தெச்சதுங்களே.”

அக்கா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். “டயரு எங்கிருந்து வந்துச்சுங்க?”

“ஒருநாள் ராத்திரி கடை கட்டற நேரத்துல அவுரேதான் கொண்டாந்தாரு. சேலத்துல புது டயரு மாத்திக்கிட்டு, பழசு நாலையும் வண்டியில கட்டிக்கிட்டு வந்து இங்க எறக்குனாரு. பாதி தேஞ்சிருச்சு, மழைக்கு வழுக்குது, அக்கா இப்பத்தான் ஓட்டப் பழகுது, இத வெச்சுக்கிட்டு மலையில எறங்குனா ஆபத்துன்னாரு. ஒண்ணுல எனக்கு ஒரு சோடி வெட்டுங்க, மத்தத நீங்களே வெச்சுக்கங்கன்னாரு.”

“எங்க போறேன்னு சொன்னானா?”

“கார் போகாத ஊருக்குப் போறேன், செருப்பு ஒழைக்கோணும்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேனுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தன வருசமா ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க? மலை முழுக்க அந்த டயரத் தேடி அலைஞ்சது உங்களுக்குத் தெரியாதா?”

“டயரத் தேடறாங்கன்னு கேள்விப்பட்டேன் கண்ணு” என்றார் அவர், உண்மையான திகைப்போடு. “என்ற கைக்கு வந்துட்டா அது டயரு இல்லியே, செருப்பு. யாரும் செருப்பத் தேடலியே.”

மற்ற மூன்றையும் அவர் செருப்பாக வெட்டியே விற்றிருந்தார். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் பழம் பறிக்கிறவர்கள் பாதிப் பேர் காலில் அப்போது அதுதான் இருந்ததாம். சனிக்கிழமை கூலி வாங்க அவர்கள் அக்காவின் முற்றத்துக்குத்தான் வருவார்கள். செருப்பை வேலியோரம் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். அக்கா அந்த நேரத்தில் ரோட்டில் போகும் வண்டிகளின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியவர் மாவை மறுபடியும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “ஒண்ணுதான் வெளங்கலீங்க. இத்தன வருசம் நடந்தா நடுக்கோடு இருக்காதே. நேத்துத் தெச்ச மாதிரி இருக்குது.”

“அங்கெல்லாம் போட்டிருக்க மாட்டான்” என்றார் அக்கா. “இங்க வர்றதுக்குன்னு எடுத்து வெச்சிருந்திருப்பான்.”

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாவு காய்ந்து மடியில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. தம்பி மாற்றிய டயர். திருடன் போட்ட டயர் என்று இத்தனை வருஷம் அவர் கை படாமல் வைத்திருந்த நாலும், தம்பி அவருக்காக வாங்கிப் போட்டுவிட்டுப் போனவை. பேச்சுவார்த்தை இல்லாத வாரம். சொல்லாமல் போட்டிருக்கிறான். சொல்லியிருந்தால் இவர் காது கொடுத்திருப்பாரா என்பதும் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி மலை ஏறியதும் சொன்னார்.

“நேத்து வெளக்கு வெக்கற நேரத்துல கதவத் தட்டுன சத்தம் கேட்டுது கண்ணு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“பின்கதவு. மூணு தட்டு, நிறுத்தி இன்னொண்ணு. அவன் சின்னதுல இருந்து அப்புடித்தான் தட்டுவான்.”

“தொறக்கலீங்களா?”

“வண்டிச் சத்தமே கேக்கலியே கண்ணு” என்றார். “ஜல்லியில டயரு ஏறுன சத்தம் இல்ல. வண்டி இல்லாம அவன் எப்புடி வருவான்? நொம்ப நேரம் காது குடுத்துக்கிட்டே அடுப்பு முன்னால உக்காந்திருந்தேன். வண்டிச் சத்தம் வரட்டும், தொறக்கலாம்னு.”

திரும்பிப் போன தடம் ஏன் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் யார் செருப்போடு வீட்டுக்குள் நுழைவார்கள்? சின்னவர் படியில் கழற்றியிருக்கிறார். கதவு திறக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போயிருக்கிறார். முற்றத்தில் கிடந்த வெறுங்கால் தடங்களில் ஒன்று அவருடையது. நாங்கள் இரண்டு பேரும் வகிடையே பார்த்துக்கொண்டிருந்தோம், வெறுங்காலை யார் பார்த்தது? நான் சொல்வதற்குள் அக்காவே சொன்னார்.

“கையில எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்.”

அப்புறம் அவர் அழுதார். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க, சத்தமாக, சின்னக் குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் ஆள் வைத்துக் காரைக் கட்டையிலிருந்து இறக்கினார். டயர்களில் அங்கங்கே வெடிப்பு விட்டிருந்தது, ஆனால் அடித்த காற்று இறங்காமல் நின்றது. ஈரத்துணியால் நாலையும் அவரே துடைத்தார். தம்பி பாதி சொல்லிக்கொடுத்திருந்த ஓட்டும் பயிற்சியை எஸ்டேட் டிரைவரிடம் முடித்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, வாரத்தில் ஒருநாள் பஜாருக்கு, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா அடிவாரம்வரை போய்த் திரும்பி வர. பக்கத்தில் நான். வளைவுகளில் நான் கும்பிடாத சாமி இல்லை. ஜடை தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் பலமுறை சொல்லிப்பார்த்தார்.

“தேயட்டுமுங்க. என்ற தம்பி போட்டுக் குடுத்தது” என்பார்.

வேறு யாருடைய டயரையும் அவர் அதற்கப்புறம் குனிந்து பார்க்கவில்லை. சாயங்காலத்தில் விரலைத் தூக்குவதும் நின்றுபோனது. சமையலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போடமாட்டார். நரி வரும், திருடன் வருவான் என்று நான் பயமுறுத்தினால் சிரிப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழையில், நாலைந்து மாதம் படுக்கையில் கிடந்து அக்கா இறந்துபோனார். சாவுக்கு மலையே வந்தது. வாசல் கொள்ளாமல் பின்முற்றம்வரை ஆள். படியோரம் முழுக்கச் செருப்பு. பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பியபோது ஆளாளுக்குக் கால் நுழைத்துக்கொண்டு போனார்கள். வீடு கழுவ நான் பின்தங்கினேன். கூடத்தைக் கழுவி, தண்ணீரைச் சமையலறை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பின்படியில் ஒரு ஜோடி செருப்பு மிச்சம் இருந்தது. டயர் செருப்பு. இடது குதிகாலில் ரெண்டாம் பட்டை.

குனிந்து திருப்பிப் பார்த்தேன். ஈரச் சேற்றுக்கு நடுவே வகிடு புத்தம் புதிதாகத் தெரிந்தது.

வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. கல்லறையிலிருந்து திரும்பியவர்களிடம், கூட்டத்தில் யாராவது வெறுங்காலோடு வந்தார்களா என்று கேட்டேன். “பாதிப் பேரு வெறுங்காலுதானேக்கா” என்றார்கள். விந்தி நடந்தவர் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். சேற்றில் எல்லோரும்தான் விந்தினார்கள் என்றார்கள்.

சாயங்காலம் பூட்டும் சாவியுமாக என் வீட்டுக்காரர் வந்தார். “பூட்டிரலாமா புள்ள?”

“முன்கதவப் பூட்டுங்க. பின்கதவு இருக்கட்டும்.”

அவர் படியில் இருந்த செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்கதவை மட்டும் பூட்டிவிட்டு வந்தார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. எழுந்து பார்க்கவும் இல்லை. விடிந்து போனபோது படியில் செருப்பு இல்லை. படியிலிருந்து காலடி இறங்கியிருந்தது, இந்த முறை வெளியே பார்த்து. இடது குதிகால் ஆழமாக. அது நேராக ரோட்டுக்குப் போகவில்லை, ஷெட்டுக்குள் திரும்பியிருந்தது. நான் பின்னாலேயே போனேன். காரைச் சுற்றி ஈரக் காலடி. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் யாரோ முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருந்த அடையாளம் இருந்தது.

அக்கா படுத்ததிலிருந்து யாரும் தட்டாத தூசி டயர்களின்மேல் படிந்திருந்தது. நாலிலும் ஒரே இடத்தில் மட்டும் விரலால் துடைத்திருந்தது, மேட் இன் இந்தியா என்று எழுதியிருந்த இடத்தில். அங்கிருந்து விரல் மேலே ஏறி, ஜடை இருந்த இடத்தை, இப்போது மொட்டையாகத் தேய்ந்துபோயிருந்த இடத்தை, மெதுவாக ஒரு முறை தடவிப் பார்த்திருந்தது.